நுனியில் நிற்கும் பலகை

ஆடிச் சாரல் விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தக்கலையில் எங்கள் வீட்டு முன்னறையில், பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டில், என்னுடைய பன்னிரண்டு பலகை மூலப்படை அத்தானின் பதினெட்டுப் பலகை கூலிப்படையிடம் தோற்றது. மூன்று மாதம் இரவில் விளக்கைத் தாழ இறக்கிவைத்து நான் வண்ணம் தீட்டிய ரோமானியர்கள் அவர்கள். ஒவ்வொரு கேடயத்தின் நடுவிலும் இருக்கும் உலோகக் குமிழைக்கூட ஊசிமுனையால் தொட்டு வைத்திருந்தேன். பகடையில் கெட்ட எண்கள் விழுந்தன என்றும் சொல்ல முடியாது. நடுவில் அடித்துக்கொண்டே போனேன். அடித்துக்கொண்டு போகும்போதே தோற்றுப்போனேன். ஏன் என்று விளங்காத அந்தத் தோல்வி பல நாள் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

பண்டைக்காலப் போர்களை மேசைமேல் நடத்திப் பார்க்கும் இந்த விளையாட்டுக்கு வருகிற எல்லாரும் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. கையில் இருக்கும் புள்ளிகளுக்குத் தேர்ந்த வீரர்களைச் சிலராக வாங்குவதா, சுமாரானவர்களைப் பலராக வாங்குவதா? நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். இதைக் கணக்காகவே பார்த்துப் பழகியவன். மேசையில் பட்ட பிறகுதான் அந்தக் கணக்கில் நான் எதையெல்லாம் சேர்க்காமல் விட்டிருந்தேன் என்று தெரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டிகளிலிருந்து தொடங்கியது இது. ஒரு வீரன் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்கமாட்டான். நான்கு பேரை 60 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளைவுட் துண்டில் ஒட்டினால் ஒரு பலகை. அந்த மென்மையான பிளாஸ்டிக்கில் வண்ணம் எளிதில் பிடிக்காது. சோப்பு நீரில் கழுவி, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை ஒரு பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே தூரிகையை எடுக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் எங்களுடையது. பிளைவுட்டின் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் ஈரத்தில் வளைந்துவிடும், வரிசையில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காது. அடிப்பக்கமும் பூசிவிடுங்கள். மேசைமேல் உழுத வயலைக் காட்டப் புகையிட்ட ரப்பர் ஷீட்டை வெட்டிப் போடுகிறோம். அதன் வரிகள் கலப்பை ஓடிய சால் போலவே இருக்கும். மரங்களுக்குத் தேங்காய்த் தும்பு.

அத்தான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். படைத் தரங்களுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். பழைய உரையாசிரியர்கள் படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறாகப் பிரிப்பார்கள். முதல் மூன்றை எடுத்துக்கொண்டோம். தலைமுறையாகப் போரையே தொழிலாகக் கொண்ட மூலப்படைக்குப் பலகைக்கு 12 புள்ளி. சம்பளத்துக்கு வந்த கூலிப்படைக்கு 8. ஊர் ஊராகத் திரட்டிய நாட்டுப்படைக்கு 6. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் படை வாங்க 144 புள்ளி. ஆகவே 12 பலகை மூலப்படை வாங்கலாம், அல்லது 18 பலகை கூலிப்படை, அல்லது 24 பலகை நாட்டுப்படை.

சண்டை விதி எளியது. மோதும் இரண்டு பலகைக்கும் ஆளுக்கு ஒரு பகடை. விழுந்த எண்ணோடு மூலப்படை 5, கூலிப்படை 4, நாட்டுப்படை 3 என்று கூட்டிக்கொள்ளும். குறைந்த தொகை எடுத்தது ஓரடி பின்வாங்கும், வென்றது ஓரடி முன்னால் போகும். பின்வாங்க வழியில்லாமல் எதிரி அடைத்திருந்தால் தோற்ற பலகை அழியும். எதிரியின் தொகையில் பாதிக்கு இறங்கினாலும் அழியும். நம் பலகையின் பக்கத்தில் நமக்குத் துணை இல்லாமல் எதிரிப் பலகை ஒன்று ஒட்டி நின்றால், அந்தப் பக்கத்துக்கு ஒன்று குறையும். மொத்தப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 48 புள்ளியை, இழந்த படை முறிந்து ஓடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இந்த விதிகளோடு பொருத்திப் பாருங்கள். என் பன்னிரண்டு பலகையும் ஒரே வரிசையில் 72 சென்டிமீட்டர். அத்தானின் பதினெட்டும் 108. நடுவுக்கு நடு வைத்து நின்றோம். இரண்டு பக்கமும் அவருடைய வரிசை என் வரிசையைத் தாண்டி 18 சென்டிமீட்டர் நீண்டது. பக்கத்துக்கு மூன்று பலகை. நான் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஒரு புள்ளிக் கூடுதல் அங்கே நன்றாக வேலை செய்தது. ஆனால் என் வரிசையின் இரண்டு நுனிப் பலகைகளுக்கும் பக்கத்தில் எதிரி ஒட்டி நின்றான். அங்கே என் 5 என்பது 4 ஆகிவிட்டது. பன்னிரண்டு புள்ளி கொடுத்து வாங்கிய வீரன் எட்டுப் புள்ளி வீரனோடு சமமாக நின்றான். இரண்டே முறையில் அத்தானின் மிச்சப் பலகைகள் திரும்பி என் நுனிகளின் விலாவில் வந்து நின்றன. பின்வாங்க வேண்டியவன் பின்வாங்க முடியாமல் அழிந்தான். அவன் அழிந்ததும் அடுத்தவன் நுனி ஆனான்.

ஆட்டம் முடிந்தபோது நான் அழித்தது ஐந்து பலகை, இழந்தது நான்கு. எண்ணிக்கையில் என் கை மேல். ஆனால் ஐந்து கூலிப்படை 40 புள்ளி, நான்கு மூலப்படை 48. என் படை முறிந்தது.

அத்தானுக்கு வென்ற மகிழ்ச்சியைவிடத் திகைப்பே அதிகமாக இருந்தது. தரம்தான் வெல்லும் என்பது அவருடைய கட்சி. எலிகள் கடல்போலத் திரண்டு ஒலித்தாலும் நாகம் மூச்சு விட்ட மாத்திரத்தில் கெடும் என்ற குறளை எத்தனையோ வகுப்புகளில் நடத்தியவர். கட்டன் சாயா ஆறுவதையும் கவனிக்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “மச்சான், நாகத்தின்மேல் தவறில்லை. நீ அதை எலிகளுக்கு நடுவில் கயிறுபோல நீட்டிப் படுக்க வைத்துவிட்டாய். தலை ஒன்றுதானே கடிக்கும்? வாலுக்கு யார் காவல்?”

நான் அன்றைக்குக் கற்றது அதுதான். இன்றைக்கும் படை வாங்குமுன் நான் முதலில் செய்வது அளவுநாடாவை எடுப்பதுதான். என் முகப்பு எத்தனை சென்டிமீட்டர், எதிரியுடையது எத்தனை, மேசையில் எந்த இடத்தில் என் நுனிகளை மறைக்கலாம் என்று பார்த்துவிடுகிறேன். தேர்ந்த படை குறுகிய படை. அதன் இரண்டு நுனிகளுக்கும் குளமோ, காடோ, ஓடையோ துணை வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காத மேசையில் பன்னிரண்டு மூலப்படையை வரிசையாக நிறுத்துவது, கொடுத்த கூடுதல் புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதற்குச் சமம்.

பகடைக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். சமமானவர்கள் மோதினால் 15 வெற்றி, 15 தோல்வி, 6 சமன். ஒரு புள்ளி கூடுதல் இருந்தால் 21 வெற்றி, 10 தோல்வி, 5 சமன். இரண்டு கூடுதல் இருந்தால் 26 வெற்றி, 6 தோல்வி, 4 சமன். ஒரு புள்ளி என்பது பெரிய விஷயம் என்று இதிலிருந்து தெரியும். அதே ஒரு புள்ளியைப் பக்கத்தில் வந்து நிற்கிற எந்தச் சாதாரணப் பலகையும் சண்டையே போடாமல் பறித்துவிடும் என்பதும் தெரியும். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி மேசை ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மேசைக்கு வந்தவள் அத்தானின் மகள், எனக்கு மருமகள் முறை. நாகர்கோவிலில் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். அவள் 24 பலகை நாட்டுப்படையைத்தான் கேட்டாள். “மக்களே, அது தோற்பதற்கென்றே உள்ள படை” என்றேன். “எனக்கு 24 பலகை இருக்கிறதே மாமா, எட்டுப் பலகை போன பிறகுதானே தோற்பேன்” என்றாள்.

முதல் ஆட்டத்தில் அவள் படையை ஆறு கூட்டமாகப் பிரித்து என்னைச் சுற்றி வளைக்கப் பார்த்தாள். எங்கள் விளையாட்டில் ஒவ்வொரு முறையும் தளபதிக்கு ஒரு பகடை உண்டு. அதில் விழுகிற எண்தான் அவருக்குக் கிடைக்கும் கட்டளைகள், அத்தனை கூட்டங்களைத்தான் நகர்த்தலாம். சேர்ந்து நிற்கிற வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு கூட்டம். அவளுக்கு 2 விழுந்தது, பிறகு 1, மறுபடி 2. நான்கு கூட்டங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. வந்தவற்றை நான் ஒவ்வொன்றாக அடித்தேன். நிலைத்து நிற்கும் வீரர்கள் எத்தனை பேர் இருந்தாலும் தலைமை இல்லாத இடத்தில் படை இல்லை என்று அத்தான் இன்னொரு குறளை எடுத்தார். அவர் சொன்னதில் பொருள் இருந்தது. எண்ணிக்கைக்கு நாம் கொடுக்கும் மறைமுக விலை கட்டளைதான். பெரிய படையை வாங்குகிறவர் அதை ஒன்றிரண்டு கூட்டமாகவே வைத்திருக்க வேண்டும். சிதறிய 24 பலகையைவிடச் சேர்ந்து நிற்கும் 12 பலகை வலிமையானது.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் இதைப் புரிந்துகொண்டு வந்திருந்தாள். பதினாறு பலகை முன்வரிசை, அதற்குப் பின்னால் நடுவில் எட்டுப் பலகை. மொத்தமே இரண்டு கூட்டம். இந்தமுறை என் நுனி ஒன்றைக் குளத்தோடு சேர்த்து வைத்திருந்தேன், நம்பிக்கையோடு இறங்கினேன். 5-க்கு 3. இரண்டு புள்ளிக் கூடுதல். 36-க்கு 26. என் பலகைகள் வென்றன, வென்ற பலகைகள் முன்னால் போயின. எல்லாம் ஒரே அளவில் போகவில்லை. இடமிருந்து மூன்றாவது பலகை இரண்டு முறை தொடர்ந்து வென்று, பக்கத்தில் நின்றவற்றைவிட இரண்டடி முன்னால் போய்விட்டது. குனிந்து மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தேன். அந்த நான்கு வீரர்களுக்கு முன்னால் அவளுடைய பின்வரிசையின் புதிய பலகை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புள்ளி போயிற்று. என் 5 இப்போது 3. அரிவாளும் கவண்கல்லும் பிடித்த நாட்டுப்படையோடு என் ஆகச் சிறந்த வீரர்கள் சமமாக நின்றார்கள். நான் அடைந்த வெற்றியே அவர்களை வரிசையிலிருந்து பிரித்திருந்தது.

அந்த ஆட்டத்தையும் தோற்றேன். அவள் ஏழு பலகை இழந்திருந்தாள்.

பின்வரிசை எதற்கு என்று எனக்கு அன்று புரிந்தது. மோசமான வீரர்களை ஒரே வரிசையில் நீட்டினால் ஓரிடத்தில் ஓட்டை விழுந்ததும் எல்லாம் போகும். பின்னால் இன்னொரு வரிசை இருந்தால் ஓட்டையில் நுழைந்தவன் மாட்டிக்கொள்வான். அதேபோல் தேர்ந்த படையை நடத்துகிறவர் வெல்கிற பலகையைக் கண்டு மயங்கக் கூடாது. முன்னால் போனது எது, பின்தங்கியது எது என்று ஒவ்வொரு முறையும் வரிசையை நேர் செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு கட்டளையைச் செலவழித்தாலும் தகும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் உண்மைப் போர்களின் பக்கம் போனேன். அதுவரை வெற்றி பெற்றவர் பெயரையும் ஆண்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது எத்தனை பேர், எவ்வளவு ஆழம், நுனியில் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

கி.மு. 48-இல் கிரேக்க நாட்டின் பார்சலஸில் ரோமானியத் தளபதிகளான சீசரும் பாம்பேயும் மோதினார்கள். சீசரே எழுதி வைத்த கணக்குப்படி அவரிடம் 80 கோகோர்ட்டுகளில், அதாவது ரோமானியப் படைப்பிரிவுகளில், 22,000 பேர். பாம்பேயிடம் 110 கோகோர்ட்டுகளில் 45,000 பேர். கணக்குப்பிள்ளைக்கு வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? சீசரின் ஒரு பிரிவில் 275 பேர், பாம்பேயின் பிரிவில் ஏறக்குறைய 409 பேர். சீசரின் பிரிவுகள் ஆள் குறைந்து மெலிந்து கிடந்தன. கால் (Gaul, இன்றைய பிரான்சுப் பகுதி) என்ற நாட்டில் ஆண்டுக்கணக்காக நடந்த போர்களில் செத்தவர் போக எஞ்சியவர்கள் அவர்கள். தரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். எண்ணிக்கை தேய்ந்து தேய்ந்து அதற்குப் பதிலாகக் கிடைத்த ஒன்று.

அந்தத் தரம் களத்தில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காட்சி போதும். பாம்பே தன் வீரர்களை நகராமல் நின்று மோதலை வாங்கச் சொல்லியிருந்தார். சீசரின் ஆட்கள் இருமடங்கு தூரம் ஓடி மூச்சிரைக்க வந்து சேருவார்கள் என்பது எண்ணம். ஓடிவந்த சீசரின் வீரர்கள் எதிரி நகரவில்லை என்று கண்டதும், யாரும் சொல்லாமலே பாதி வழியில் நின்று, மூச்சு வாங்கி, வரிசையைச் சரிசெய்துகொண்டு, பிறகு மறுபடி ஓடிப்போய் மோதினார்கள். என் மூன்றாவது பலகைக்கு இல்லாமல் போன புத்தி அது. இதைப் படித்த அன்று எங்கள் விதியை மாற்றினோம். வென்ற மூலப்படை முன்னால் போவதா நிற்பதா என்று தளபதி முடிவு செய்யலாம். மற்ற இரண்டும் போய்த்தான் ஆக வேண்டும். தரத்துக்குக் கொடுக்கும் விலை பகடையில் ஒரு எண் கூடுவதற்கு மட்டுமாக இருந்தால் அது சரியான விளையாட்டு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நுனிக்கும் சீசரிடம் விடை இருந்தது. ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் பாம்பேயின் 7,000 குதிரைவீரர்கள், சீசரிடம் இருந்தது 1,000. மூன்றாம் வரிசையிலிருந்து ஆறு கோகோர்ட்டுகளை உருவி, குதிரைப்படைக்குப் பின்னால் நான்காவது வரிசையாக மறைத்து வைத்தார். சுற்றி வளைக்க வந்த பாம்பேயின் குதிரைகளை முறித்தது அந்த ஆறுதான். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, அதிலும் பிடித்து ஒதுக்கி வைக்கிறார்! நான் பன்னிரண்டையும் முன்னால் நிறுத்தியவன். இந்தப் போரை மேசையில் மருமகளோடு நடத்திப் பார்த்தேன். அவள் குதிரைகளைச் சுற்றி ஓட்டினாள். பின்னால் ஒதுக்கி வைத்த இரண்டு பலகைகள் நுனியில் வந்து நின்றபோது அவளுடைய முகம் போன போக்கை மறக்க மாட்டேன். முகப்பில் 12 சென்டிமீட்டர் குறைந்தாலும் இரண்டு நல்ல பலகைகளைப் பின்னால் வைப்பது அன்றிலிருந்து எனக்குப் பழக்கம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு போர் உண்டு. கி.மு. 371-இல் லூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவின் வரிசை 12 பேர் ஆழம். கிரேக்க நாட்டிலேயே தேர்ந்த படை. எதிர்த்து நின்ற தீபஸ் நகரத்தின் தளபதி எபமினோண்டஸ் தன் இடப்பக்கத்தை 50 கேடயம் ஆழமாகக் குவித்து, ஸ்பார்ட்டாவின் அரசன் நின்ற இடத்திலேயே இடித்தார். அங்கே இருந்த 700 ஸ்பார்ட்டக் குடிமக்களில் 400 பேர் விழுந்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் தீபஸின் ஆட்கள்தான் குறைவு. மொத்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு தரமா எண்ணிக்கையா என்று வாதிடுவதில் பயன் இல்லை என்று எனக்குக் காட்டியது லூக்ட்ரா. அந்த ஒரு இடத்தில், அந்த நேரத்தில், யார் பக்கம் கூட்டம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கார்த்தேஜின் தளபதி ஹன்னிபல் ரோமை வென்ற கன்னேயைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கி.மு. 216-இல் ரோம் 80,000 காலாட்களைக் கொண்டுவந்து, முகப்பு குறுகி ஆழம் கூடும்படி நெருக்கி நிறுத்தியது. பின்னால் நின்றவர்கள் வாளை ஓங்கும் தூரத்தில் எதிரியே இல்லை. ஹன்னிபல் தன் தேர்ந்த ஆப்பிரிக்க வீரர்களை நடுவில் வைக்கவில்லை. நடுவில் கால் நாட்டவரான காலியர்களையும் ஸ்பானியர்களையும் வைத்துப் பின்வாங்க விட்டார், ஆப்பிரிக்கர்கள் இரண்டு நுனியிலும் காத்திருந்தார்கள். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் கணக்கில் ஹன்னிபல் இழந்த 5,700 பேரில் 4,000 பேர் காலியர்கள். நான் இத்தனை நாளும் சிறந்த பலகையை நடுவில் வைத்து நுனியில் தோற்றுக்கொண்டிருந்தேன். அவர் தலைகீழாகச் செய்திருந்தார். எனக்கு இது பல ஆட்டங்களை வென்று கொடுத்திருக்கிறது. ஆனால் நடுவில் நிற்கும் அந்தக் காலியர்களை நகர்த்தும்போது மனம் கனக்காமல் இருந்ததில்லை.

ஒருநாள் மருமகள் கல்லூரியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1916-இல் நூலாக வெளியிட்ட கணக்கு. கைகலப்பில் ஒருவன் ஒருவனோடுதான் மோத முடியும், மற்றவர்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அங்கே படையின் வலிமை தரத்தை எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. இருமடங்கு பேரைச் சமாளிக்க இருமடங்கு தரம் போதும். தொலைவிலிருந்து எய்யும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் எய்யலாம், பலர் ஒருவனைக் குறிவைக்கலாம். அங்கே எண்ணிக்கையின் வர்க்கத்தைத் தரத்தால் பெருக்க வேண்டும். இருமடங்கு பேரைச் சமாளிக்க நான்கு மடங்கு தரம் தேவை.

அதைக் கேட்டதும் கி.மு. 53-இல் நடந்த கர்ரே போர் விளங்கியது. ஏழு லீஜியன்களோடு, அதாவது ரோமானியப் பெரும்படைப் பிரிவுகளோடு, போன தளபதி கிராசஸை, பாரசீகப் பகுதியை ஆண்ட பார்த்தியர்கள் ஏறக்குறைய 10,000 குதிரைவீரர்களோடு அழித்தார்கள். பெரும்பாலோர் வில்லாளிகள். அம்பு தீர்ந்தால் நிரப்ப ஒட்டகங்கள் நின்றன. ரோமானியர்கள் எதிர்பார்த்த கைகலப்பு நடக்கவே இல்லை. வில்லாளிகளில் மூலப்படை வாங்குவதை நான் அன்றோடு நிறுத்திவிட்டேன். வில்லுக்கு மலிவாகப் பலர், வாளுக்கும் ஈட்டிக்கும் விலை கொடுத்துச் சிலர். எங்கள் விதிகளில் இது இன்றுவரை பொய்க்கவில்லை.

தலையாலங்கானத்தைப் பற்றி அத்தான் அடிக்கடி பேசுவார். பாண்டியன் நெடுஞ்செழியன் ஒருவனாக நின்று எழுவரை வென்ற களம். புறநானூற்றின் 76-ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், ஒருவனை ஒருவன் கொல்வதும் தோற்பதும் உலகத்து இயற்கை, ஒருவன் எழுவரை எதிர்த்து வென்றதை இன்றுவரை கேட்டதில்லை என்று வியக்கிறார். தரம் எப்போதும் எண்ணிக்கையை வெல்லும் என்பது நடைமுறையாக இருந்தால் அந்தப் புலவர் வியந்திருக்க மாட்டார் என்று நான் சொன்னேன். அத்தான் வெகுநேரம் யோசித்து ஒப்புக்கொண்டார். “அபூர்வம் என்பதால்தான் பாட்டில் நிற்கிறது” என்றார்.

தரம் எப்படி வருகிறது என்பதைப் பார்க்க எங்களுக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு அதே திருவிதாங்கூரின் படைக்குப் பயிற்சி கொடுத்து 1777-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். மருமகளை அழைத்துக்கொண்டு ஒரு மாலை அங்கே நின்றேன். முப்பத்தாறு ஆண்டுகள். கூலிப்படையிலிருந்து மூலப்படைக்கு நான் மேசையில் கொடுக்கும் விலை நான்கே புள்ளி. இழந்த பலகையை அடுத்த ஞாயிறு பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடுகிறேன். உண்மையான தளபதிக்கு அந்தப் பெட்டி இல்லை. அதனால் நாங்கள் தொடர் ஆட்டம் ஆடும்போது, அழிந்த மூலப்படை அந்தத் தொடர் முடியும்வரை திரும்பி வராது என்று வைத்துக்கொண்டோம். நாட்டுப்படை அடுத்த ஆட்டத்திலேயே வந்துவிடும். இந்த ஒரு விதி எங்கள் ஆட்டத்தையே மாற்றிவிட்டது. மூலப்படையை வீணாக ஓடவிட யாருக்கும் கை வருவதில்லை.

கடைசியாக அத்தானோடு ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடிக்கிறேன். அவர் வழக்கம்போலப் பதினெட்டுக் கூலிப்படை. நான் எட்டு மூலப்படை 96 புள்ளிக்கு, எட்டு நாட்டுப்படை 48 புள்ளிக்கு. மூலப்படையில் ஆறு வலப்பக்கம், நுனி குளத்தோடு ஒட்டி. இரண்டு பின்னால் ஒதுக்கம். எட்டு நாட்டுப்படையும் இடப்பக்கம், நீலத் துணியில் செய்த ஓடைக்கு இந்தக் கரையில். முகப்பு 84 சென்டிமீட்டர். அவருடைய 108-இல் மிஞ்சிய 24 சென்டிமீட்டரும் என் இடது நுனியைத் தாண்டித்தான் நீண்டது. நாட்டுப்படையிடம் நான் கேட்டது வெற்றி இல்லை, நேரம் மட்டுமே. கரையில் நிற்பவனுக்கு ஒன்று கூடும், பக்கத்தில் எதிரி இருந்தால் ஒன்று குறையும். நுனியில் நின்ற பலகை 3-உடன் 4-ஐ எதிர்த்தது. 36-க்கு 21 தோல்வி, 10 வெற்றி. தோற்றால் ஓரடி பின்வாங்கும், அத்தானின் பலகை ஓடையில் இறங்கும், அடுத்த முறை என் பக்கம் வெற்றி விழும், என் பலகை மறுபடி கரைக்கு ஏறும். ஐந்து முறை அது அழியாமல் நின்றது. அதற்குள் வலப்பக்கத்தில் ஆறு மூலப்படையும் எந்த நுனியும் வெளியில் இல்லாமல், வரிசை கலையாமல் அடித்தன. நாலாவது முறை திறந்த ஓட்டையில் ஒதுக்கம் நுழைந்து திரும்பியது. அத்தான் ஆறு பலகை இழந்தார். நான் இழந்தது மூன்று நாட்டுப்படை, 18 புள்ளி.

அந்த நுனிப் பலகை மருமகள் தூரிகை பிடிக்கத் தொடங்கிய காலத்தில் தீட்டியது. வண்ணம் தடித்துக் கிடக்கும். ஒருவனுக்குக் கண்ணும் மூக்கும் இல்லாமல் முகம் முழுக்க ஒரே பூச்சு. அத்தான் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “மச்சான், இதற்கு இனிமேல் எட்டுப் புள்ளி போடு” என்றார்.

“ஆறுதான் அத்தான்” என்றேன். “எட்டு என்று ஆக்கினால் 48 புள்ளிக்கு எனக்கு ஆறு பலகைதான் கிடைக்கும். ஓடை அதைவிட நீளம்.”